நட்டுக்குப் போட்ட சிவப்புக் கோடு

இன்று காலை உன் தங்கச்சி ஒரு கியூடெக்ஸ் போத்தலைத் திறந்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள். நகத்துக்குப் பூசுகிற அந்தச் சிவப்புச் சாயத்தின் நெடி ஏறியதும் எனக்கு நகம் ஞாபகத்துக்கு வரவில்லை, டயர்தான் வந்தது. உலகத்தில் வேறு யாருக்கும் இப்படி வராது. வந்தால் அவனும் உன்னோடு பழகிக் கெட்டவனாக இருக்க வேண்டும்.

நாங்கள் நின்றது என் அண்ணனுடைய ஜீப்புக்குப் பக்கத்தில். நம் வீட்டு வரிசை லயத்துக்குப் பின்னால், அதே ரப்பர் மரத்தடி. நீ போய் எட்டு மாதம் ஆகிவிட்டது. போன செவ்வாய்க்கிழமை நடந்ததை உனக்குச் சொல்லியாக வேண்டும். நேரே அங்கே போனால் உனக்குப் பிடிக்காது. "மொதல்ல கீழ குனிஞ்சு பாரு, அப்புறம் ஏறு" என்பாய். அதனால் கீழேயிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அண்ணன் அந்தப் பழைய ஜீப்பை வாங்கிக்கொண்டு வந்த நாளில் நாம் இரண்டு பேரும் அதைச் சுற்றிச் சுற்றி வந்தோம். பார்த்தது ஒரே ஜீப், நினைத்தது வேறு வேறு. நான் பந்தயத்தை நினைத்தேன், நீ ஆஸ்பத்திரிக்குப் பிந்துவதை நினைத்தாய். யட்டியாந்தோட்டை பஜாரிலிருந்து அரிசி மூட்டையும் கேஸ் சிலிண்டரும் ஏற்றி வருவதற்கு என்று அண்ணன் வாங்கிய வண்டி அது. நம் மேல் டிவிஷனிலிருந்து தார் ரோட்டுக்கு இறங்குகிற மண் பாதையில் பதின்மூன்று முடக்கு, அத்தனையும் கொண்டை ஊசி வளைவு. தோட்டத்து லொறி இறங்கி முடிக்க ஐம்பத்தைந்து நிமிஷம். உன் தங்கச்சி அந்த லொறிக்குள்ளேதான் பிறந்தாள், ஏழாம் முடக்கில். அவளுக்குச் சொந்த ஊர் ஏழாம் முடக்கு என்று நீ எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாய். ஆனால் அன்றைக்கு எட்டு வயதுப் பையனாக அதே லொறியில் உட்கார்ந்து, உன் அம்மாவின் முகத்துக்கு மழை படாமல் குடை பிடித்தது நீதான் என்பதைச் சிரித்துச் சொன்னதில்லை. என்னிடம் மட்டும் ஒரு தடவை சொன்னாய், டயரைப் பார்த்துக்கொண்டு.

இந்த ஜீப்பை மண் ரோட்டில் வேகமாய் இறங்குகிற வண்டியாக மாற்றலாம் என்று நீ அண்ணனிடம் கேட்டபோது அவர் உடனே சரி என்று சொல்லவில்லை. வண்டிதான் அவருக்குச் சோறு. "ஒடைச்சீங்கன்னா ஒங்க ரெண்டு பேரையும் பூட்டித்தான் மூட்டை இழுப்பேன்" என்றார். நான் வலது பக்கத்து மாடு, நீ இடது பக்கம் என்று அப்போதே பிரித்துக்கொண்டோம்.

போனில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் கோயில் பாறை. அங்கே உட்கார்ந்து பாலைவனத்தில் ஜீப் ஓட்டுகிறவர்களின் வீடியோக்களைப் பார்த்தோம். அவர்களுக்கு மணல், நமக்குச் சேறு. அவர்கள் தண்ணீர் தேடுவார்கள், நாம் வெயில் தேடுவோம். இருந்தாலும் நீ ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டே வந்தாய். டயரில் காற்றைக் கொஞ்சம் குறைக்க வேண்டும், அப்போதுதான் சரளையைப் பிடித்து ஓடும். ரொம்பக் குறைத்தால் கல் குத்திவிடும். இஞ்சினுக்கு அடியில் இரும்புத் தகடு. பேட்டரியைப் பட்டி போட்டுக் கட்ட வேண்டும். வண்டிக்குள் ஆடுகிற சாமான் ஒன்றுகூட இருக்கக் கூடாது. வீல் ஸ்பேனரைப் பழைய டியூப் வார் கொண்டு சீட்டுக்கு அடியில் நீ கட்டிய கட்டை, நான் பல்லால் அவிழ்க்கப் பார்த்துத் தோற்றேன். பின்பக்கம் ஒரு ஆள் படுக்கிற மாதிரி பலகை செய்து, அதற்கும் மூன்று பட்டி வைத்தாய். யார் படுக்கப் போகிறார்கள் என்று கேட்டேன். "நீதான், வாய மூடாட்டி" என்றாய்.

நம் வெட்கக்கேட்டையும் சொல்லத்தானே வேண்டும். ஸ்பிரிங் முனையில் போடுகிற ரப்பர் புஷ் தேய்ந்து போயிருந்தது. வேகமாய்ப் போனால் வண்டி இடுப்பை ஆட்டும். ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் ரப்பரைக் கடையிலா வாங்குவான் என்று நான்தான் கேட்டேன். புகை வீட்டில் காய்ந்து தேன் நிறத்தில் தொங்குகிற ஷீட்டில் இரண்டு துண்டு வாங்கி வந்து, சுருட்டி, வெட்டி, சுத்தியலால் அடித்து ஏற்றினோம். பார்க்க அச்சு அசல் புஷ். நாலாம் முடக்கு வரை ராஜா மாதிரி இறங்கினோம். அதற்குப் பிறகு ஜீப் திருவிழாக் கூத்தாட ஆரம்பித்தது. அண்ணன் நிறுத்தினார். அடியில் எட்டிப் பார்த்தால் நம் புஷ் சூட்டில் இளகி, மென்று துப்பிய டொபி மாதிரி வழிந்துகொண்டிருந்தது.

உருட்டிக்கொண்டு போய் பஜாரில் கராஜ் வைத்திருக்கிற நிமல் பாஸிடம் நிறுத்தினோம். அவர் அதை விரலால் கிள்ளி, மோந்து பார்த்து, நம் முகத்தையும் ஒரு தடவை பார்த்தார். "மல்லி, மேக்க ரப்பர் நெவெய். கிரி" என்று சிங்களத்தில் சொன்னார். தம்பி, இது ரப்பர் இல்லை, பால். ஷீட் என்பது காய்ந்த பால் மட்டும்தான், கந்தகம் போட்டு வேக வைத்தால்தான் சூடு தாங்கும் என்று அவர் விளக்கினார். மூன்று தலைமுறையாகப் பால் வெட்டுகிற வீட்டுப் பிள்ளைகளுக்கு, பஜார்க்காரர் ஒருவர் ரப்பர் என்றால் என்ன என்று சொல்லிக்கொடுத்தார். புஷ் புஸ்ஸென்று போய்விட்டது என்று நான் சொன்னதற்கு நீ தரையில் உட்கார்ந்து சிரித்தாய். நீ அப்படிச் சிரித்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு அந்தக் கருகிய வாடை வருகிறது. நல்ல வாடைதான்.

அடுத்தது நான் செய்தது. இதற்கு இதுவரை நான் வாயால் மன்னிப்புக் கேட்டதில்லை.

ஒரு சக்கரத்துக்கு ஐந்து நட்டு, மொத்தம் இருபது. நீ முறுக்கிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் நான் ஒன்றைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டேன். நீ எண்ணிப் பார்ப்பாயா என்று பார்க்கும் ஆசை. நீ எண்ணவில்லை. வண்டி இறங்கியது. மூன்றாம் முடக்கில் டக் டக் என்று சத்தம். அண்ணன் நிறுத்தியதும் நான் நட்டை எடுத்துக் காட்டி, "நட்டு போனா என்னடா, நட்பு இருக்குல்ல" என்றேன். நீ சிரிக்கவில்லை. குனிந்து மற்ற நாலையும் தொட்டுப் பார்த்தாய். அதில் இரண்டு உன் விரலுக்கே சுழன்றன. மண் ரோட்டு அதிர்வு, ஒன்று இல்லாத இடத்தில் மற்றதையும் இளக்கிவிட்டது. என்னை நீ ஏசியிருந்தால் நான் திருப்பி ஏசியிருப்பேன். "ஒளிச்சது ஒன் குணம். எண்ணாதது என் தப்பு" என்று மட்டும் சொன்னாய். இரண்டு நாள் பேசவில்லை.

மூன்றாம் நாள் உன் தங்கச்சியின் கியூடெக்ஸ் போத்தலோடு வந்தாய். ஒவ்வொரு நட்டையும் முறுக்கி முடித்து, நட்டின் மேலிருந்து சக்கரத்தின் மேல் வரை ஒரு சிவப்புக் கோடு இழுத்தாய். நட்டு ஒரு மயிரளவு திரும்பினாலும் கோடு ஒடிந்து நிற்கும். குனிந்து பார்த்தால் போதும். போத்தல் காலியானது தெரிந்து உன் தங்கச்சி அழுத அழுகையில் லயமே எழும்பியது. புதிது வாங்கித் தருகிறேன் என்று அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாய். அன்றைக்கு நாம் இறங்கினோம். உன் போன் இருபத்துநாலு நிமிஷம் காட்டியது. "வேகம் இஞ்சின்ல இல்லடா, நட்டுலதான் இருக்கு" என்றாய். நான் அதை வைத்து உன்னை ஒரு மாதம் கேலி செய்தேன்.

பிறகு நீ கொழும்புக்கு வேலைக்குப் போனாய். டிசம்பரில் நத்தாருக்கு வந்தாய், ஜீப்பைக் குனிந்து பார்த்தாய், போனாய். அடுத்த மாதம் உனக்குக் காய்ச்சல். ஜன்னலைத் திறந்தால் ஆஸ்பத்திரிச் சுவர் தெரிகிற அறையில் குடியிருந்தவன், சாதாரணக் காய்ச்சல்தான் என்று பனடோலைப் போட்டுக்கொண்டு மூன்று நாள் படுத்துக் கிடந்தாய். டெங்கு, உன்னைக் கொண்டுபோய்விட்டது. மற்றவர்களுக்காக முடக்கு முடக்காக நிமிஷம் எண்ணியவன் ரோட்டைக் கடக்கிற இரண்டு நிமிஷத்தை எண்ணவில்லை. இதை வைத்து ஒரு பகிடி சொல்ல எட்டு மாதமாக முயல்கிறேன், வரவில்லை.

அதற்குப் பிறகு ஜீப் மறுபடியும் மூட்டை சுமந்தது. உன் பலகை கூரைக்கு அடியில் அட்டத்தில் ஏறி, அதன் மேல் விறகு ஏறியது. கோடுகள் சேற்றுக்கு அடியில் கிடந்தன. நான் ஒரு நாளும் குனியவில்லை. குனிந்தால் உன் கை தெரியும் என்று பயம்.

செவ்வாய்க்கிழமை காலை நான் பள்ளிக்கூடத்துக்குச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். மலையிலிருந்து இரண்டு பேர் உன் அம்மாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பால் வெட்டும்போது சருகுக்குள் கிடந்த விரியன் காலில் கடித்திருந்தது. கணுக்கால் அதற்குள் வீங்கியிருந்தது. உன் தங்கச்சி அழாமல் நின்றாள், அதுதான் பயமாக இருந்தது. பலகையை இறக்கினோம், உன் மூன்று பட்டியும் அப்படியே இருந்தன. உன் அம்மாவைப் படுக்க வைத்துக் கட்டி ஏற்றியதும் அண்ணன் இஞ்சினைப் போட்டுவிட்டார்.

நான் ஏறப் போனேன். ஒரு காலை மேலே வைத்தும்விட்டேன். என்ன நினைத்தேன் என்று தெரியவில்லை. இறங்கிக் குனிந்தேன். சட்டைக் கையால் சேற்றைத் துடைத்துத் துடைத்து ஒவ்வொரு சக்கரமாகப் பார்த்தேன்.

"டேய், ஏறுடா. இப்பத்தான் விளையாடுவியா?" என்று அண்ணன் கத்தினார். அவர் மேல் பிழையில்லை. நான் குனிந்தால் ஏதோ குறும்பு என்றுதான் இத்தனை வருஷமும் அர்த்தம்.

பலகையிலிருந்து உன் அம்மாவின் குரல் மெதுவாக வந்தது. "பாக்கட்டும் தம்பி. எம்புள்ள போட்ட கோடு அது."

பின்பக்க இடது சக்கரத்தில் மூன்று கோடுகள் ஒடிந்திருந்தன. நட்டுகள் என் விரலுக்குச் சுழன்றன. ஸ்பேனர் சீட்டுக்கு அடியில், நீ கட்டிய கட்டில் அப்படியே இருந்தது. இந்த முறை பல்லால் அவிழ்த்துவிட்டேன். முறுக்கினேன். மற்ற பதினேழையும் தொட்டுப் பார்த்தேன். ஏறினேன்.

அண்ணன் அதுவரை அப்படி இறங்கியதில்லை. நான் பின்னால் உட்கார்ந்து உன் அம்மாவின் காலை ஆடாமல் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு முடக்கிலும் உன் அம்மா எத்தனையாவது என்று கேட்டார், நான் சொன்னேன். ஏழு என்றதும், "இங்கதான்" என்றார். ஒன்பதில் ஒரு பக்கம் பள்ளம், உனக்குத் தெரியும். அங்கே பின்பக்கம் ஒரு தடவை இழுத்துக்கொண்டு போய்ச் சரளையைப் பிடித்து நின்று, மறுபடி ஓடியது. இளகிய மூன்று நட்டோடு அந்த இடத்துக்கு வந்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுத யாரும் இருந்திருக்க மாட்டோம். நான் உன்னை மாதிரியே போனில் நேரம் பார்த்திருந்தேன். தார் ரோட்டைத் தொட்டபோது இருபத்துமூன்று நிமிஷம். உன்னை ஒரு நிமிஷம் ஜெயித்துவிட்டோம், வந்து சண்டை போடு.

ஆஸ்பத்திரியில் உடனே மருந்து ஏற்றினார்கள். பிந்தியிருந்தால் சிறுநீரகம் போயிருக்கும் என்று டாக்டர் அண்ணனிடம் சொன்னாராம். நேற்று உன் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். கால் இன்னும் கறுத்திருக்கிறது. வாய்க்கு ஒன்றுமில்லை. வந்ததும் வராததுமாக, "நான் சாவக் கெடக்கறப்ப நட்டு எண்ணுன பய நீ ஒருத்தன்தான்டா" என்றார்.

இன்று காலை உன் தங்கச்சி கொண்டுவந்த போத்தல் நீ நத்தாருக்கு அவளுக்கு வாங்கி வந்தது. இத்தனை நாளும் அவள் அதன் மூடியைத் திறக்கவே இல்லை. எனக்கு மோக்கக் கொடுத்துவிட்டு, நான் முறுக்க முறுக்கப் பின்னால் வந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு இருபது கோடும் அவளே இழுத்தாள். உன்னுடையதை விட நேராக இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதே. கடைசியில் என் கையைப் பிடித்து இழுத்தாள். கட்டைவிரல் நகத்தின் நடுவிலிருந்து ஆரம்பித்து, நகம் முடிந்து தோல் மேலும் ஏறும்படி ஒரு கோடு போட்டாள்.

"இது எதுக்குடி?" என்றேன்.

"நீங்களும் கழண்டு போயிராம இருக்கத்தான், அண்ணே."

தோலில் இருக்கிற பாதி குளித்தால் போய்விடும். நகத்தில் இருக்கிற பாதி வளர வளர நுனிக்கு நகரும். நான் போத்தலை அவளிடமே கொடுத்துவிட்டேன். கோடு ஒடிந்தது தெரிந்ததும், கையை நீட்டிக்கொண்டு உங்கள் வீட்டு வாசலுக்குப் போவேன்.