தண்ணீர் குடித்த கல்

"அது கல் இல்லைடி, மண்." அன்று உன்னிடம் நான் சொல்லாமல் விட்டது இவ்வளவுதான். நாலு சொல். வாய் வரை வந்தன.

நேற்று, பதுளையில் நான் குடியிருக்கும் வீட்டில், சமையலறை மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கறுப்புக் கிரனைட். மேலே சிந்திய ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாமல் அப்படியே நின்றது. அதற்கு மேல் துடைக்க முடியவில்லை.

உயர்தர வகுப்பில் புவியியலுக்கு நம் இருவருக்கும் சேர்த்துக் கொடுத்த ஒப்படை. ஒரு தீப்பாறையையும் ஓர் அடையற் பாறையையும் ஒப்பிட வேண்டும். தீப்பாறைக்காகக் கல் வெட்டும் கடை நானாவிடம் உடைந்த கிரனைட் துண்டு கேட்டோம். "இத வச்சு வீடு கட்டவா போறீங்க புள்ளைங்களா?" என்று சிரித்தபடி கொடுத்தார். அடையற் பாறையை நீயே கொண்டுவந்தாய். தோட்டத்தில் உங்கள் வீட்டு வரிசையான லயத்துக்குப் பின்னால் இருந்த மேட்டில், தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியால் பெயர்த்த, உள்ளங்கை அளவுத் துண்டு.

"படிவு படிவா இருக்கு பாருடி. புஸ்தகத்துல உள்ளது நம்ம வீட்டுக்குப் பின்னாலயே கெடக்கு."

நாலு நாளாக மழை விடவில்லை. லயத்தில் உங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் உட்கார்ந்து, கிரனைட்டில் ஒரு சொட்டு விட்டாய், நின்றது. உன் துண்டில் விட்டாய், காணாமல் போனது. "எப்பிடிக் குடிக்குது பாத்தியா, நம்ம கங்காணி மாதிரி" என்றாய். சிரித்தேன். தீப்பாறையில் பளிங்குகள் இறுகப் பின்னியிருப்பதால் நீர் புகாது, அடையற் பாறையில் துணிக்கைகளுக்கு நடுவே நீர் புகும் என்று எழுதினாய். எழுதியது சரிதான். ஆனால் துண்டைத் தொட்ட உன் விரலில் சேறு ஒட்டியிருந்தது. அதைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாய்.

ஒரு சொட்டுக்குக் கல் சேறாகாது. என்றோ மேலிருந்து சரிந்து வந்து இறுகிக் கிடந்த மண் அது. எனக்குத் தெரிந்தது. போன தவணை வகுப்பில் எல்லார் முன்னாலும் உன்னைத் திருத்தியதற்கு இரண்டு வாரம் என்னோடு பேசாமல் இருந்தாய். இந்த முறை ஆசிரியரே திருத்தட்டும் என்று இருந்துவிட்டேன். பிறகு எத்தனையோ புத்தகங்கள் படித்தேன். மௌனத்துக்குப் பெரிய காரணங்கள் சொல்லும் புத்தகங்களும் அவற்றில் உண்டு. என் காரணம் இவ்வளவு சின்னது.

அன்று நீ எழுதி முடித்த நேரம் கிராம சேவகர் வந்து, மண் சரியலாம், தோட்டத்தில் எல்லாரும் பாடசாலை மண்டபத்துக்குப் போய்விடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். உன் அப்பா உன்னைப் பார்த்தார்.

"படிக்கிற புள்ள, நீ சொல்லு. பின்னால இருக்கிறது மண்ணா, கல்லா?"

"கல்லுதாங்கப்பா. இப்பதான் எழுதினேன்."

"அப்பறம் என்ன? கல்லு எங்க போயிரப் போகுது? அங்க பாய் விரிக்கக்கூட எடமிருக்காது." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ என்னம்மா சொல்ற?"

"அம்மா தேடுவாங்க மாமா, நான் போறேன்" என்றேன்.

"நாளைக்கு வாடி, படம் வரையணும்" என்றாய்.

அம்மாவோடு நான் மண்டபத்துக்குப் போனேன். மறுநாள் காலை, வேலை பிரித்துக் கொடுக்க ஆட்களைப் பெரட்டுக்குக் கூப்பிடும் நேரத்துக்குச் சற்று முன்பு, அந்த மேடு இறங்கியது. உங்கள் லயத்தில் ஆறு காம்பராக்கள் போயின. உன் அப்பாவையும் அம்மாவையும் அன்றே எடுத்தார்கள். உன்னை மூன்றாம் நாள் எடுத்தார்கள்.