உன் வேலைக்கு ஈடாகத் திறந்த முகத்துவாரம்

அக்கா, எங்க அமுதாக்கா,

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். நீ இருந்திருந்தால் அதைத்தான் முதலில் கேட்டிருப்பாய். கன்னியப்பன் வழக்கை அரசாங்கம் வாபஸ் வாங்கியது செல்லாது என்று மேல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. முனியம்மாவுக்காக நீ போட்டுவிட்டுப் போன மனு ஜெயித்திருக்கிறது. வழக்கு மறுபடியும் விசாரணைக்கு வருகிறது. வருகிற திங்கட்கிழமை சாட்சி சொல்லச் சொல்லி எனக்குச் சம்மன் வந்திருக்கிறது.

சம்மனை வாங்கிக்கொண்டு உன் போட்டோவுக்கு முன்னால் போய் நின்றேன். சந்தோஷம் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன். நாலு பேர் படிக்கட்டும் என்றே எழுதுகிறேன். உனக்கு நடந்தது ஊர் பார்க்க நடந்தது. இதையும் ஊர் பார்க்கட்டும்.

படிக்கிறவர்களுக்கு உன்னைத் தெரியாது. பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற எங்கள் குப்பத்தில் வக்கீலுக்குப் படித்த முதல் ஆள் நீ. நைனா பிடித்துவரும் மீனை அம்மா கூடையில் சுமந்து பொன்னேரி மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவாள். அதே பஸ்ஸில் நீ பள்ளிக்கூடம் போவாய். மூக்கைப் பிடித்துக்கொண்ட பிள்ளைகளிடம், "எங்கம்மா பக்கத்துல ஒக்காந்து வந்தேன், அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு முன் பெஞ்சில் போய் உட்கார்ந்தவள் நீ.

மாவட்டத்தின் தலைமை அரசு வக்கீலாக உன்னை நியமித்த அன்றைக்கு ஊரே பட்டாசு வெடித்தது. ஊர்த் தலைவர் மாலை போட்டார். "இனிமே நம்ம பொண்ணுதான் சர்க்காரு" என்றார். நீ சிரித்துக்கொண்டே, "நான் சர்க்காரு இல்ல மாமா, சர்க்காருக்குப் பேசுற வக்கீலு. அவுங்க சொல்றதெல்லாம் பேச மாட்டேன்" என்றாய். அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நானும்தான்.

கன்னியப்பனுக்குப் போட் கிடையாது, வலை கிடையாது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்து, கழுத்தில் தொங்கும் ஓலைப்பறியில் போட்டுக்கொள்வான். அவன் பெண்சாதி முனியம்மாவுக்கும் அதே தொழில். நீ அவனை 'அவரு' என்றுதான் சொல்வாய். எனக்கு இன்னும் வாயில் வரவில்லை. அவர்கள் குடும்பம் காலங்காலமாகத் தடவிய இடத்தில் ஆளுங்கட்சிக்காரர் ஒருவர் கரை போட்டு இறால் பண்ணை கட்டினார். ஒருநாள் காலையில் கன்னியப்பன் அந்தக் கரையை ஒட்டித் தடவிக்கொண்டிருந்தபோது பண்ணை ஆட்கள் அவனை இழுத்துப்போட்டு அடித்தார்கள்.

நான் கடலிலிருந்து திரும்பி அந்தப் பக்கமாக வந்துகொண்டிருந்தேன். மண்டை உடைந்து கிடந்தவனின் வலது கையைக் கல்மேல் வைத்து ஒருவன் இரும்புக் குழாயால் அடித்ததைப் பார்த்தேன். பண்ணைக்காரர் பக்கத்தில் நின்று, "இனிமே இந்தக் கை தண்ணில எறங்கக் கூடாது" என்றதைக் கேட்டேன். அவர்கள் போன பிறகு அவனை என் போட்டில் ஏற்றிக் கரை சேர்த்து, பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். பார்த்ததைப் பார்த்தபடி போலீஸில் சொன்னேன். அதுவரைக்கும் நான் உனக்கு ஏற்ற தம்பியாகத்தானே இருந்தேன், அக்கா?

தம்பி சாட்சி என்பதால் அந்த வழக்கை நீ நேரில் நடத்தவில்லை. நாளைக்கு யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாதென்று உனக்குக் கீழே இருந்த வேறொரு வக்கீலிடம் கொடுத்துவிட்டாய். ஆனால் பொதுநலன் கருதி வழக்கை வாபஸ் வாங்கலாம் என்று மேலிடத்திலிருந்து வந்த உத்தரவு உன் மேஜைக்குத்தான் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தாய். என் பெண்சாதி தனம் நண்டு குழம்பு வைத்திருந்தாள்.

"அவுங்களே சொல்லிட்டாங்க. நீ கையெழுத்துப் போட்டா முடிஞ்சிதுக்கா" என்றேன்.

"சொல்றது அவுங்க வேலைடா. ஆனா கோர்ட்டுல குடுக்குற மனுவுல, நானே யோசிச்சு இந்த முடிவுக்கு வந்தேன்னு நான் சொல்லணும். சட்டம் அப்படி. யோசிச்சா வேற முடிவு வருதே, நான் இன்னா பண்ண?"

சொல்லிவிட்டு நண்டுக் காலைக் கடித்து உடைத்துச் சதையை எடுத்து என் மகள் தட்டில் வைத்தாய். உன் வேலையே போய்விடும் என்று உனக்கு அப்போதே தெரிந்திருக்குமா?

அந்த வருஷம்தான் முகத்துவாரம் அடைத்துக்கொண்டது. ஏரி கடலில் சேருகிற வாயில் மணல் மேடிட்டுவிட்டது. ஆட்கள் இறங்கித் தள்ளினால்தான் போட் வெளியே போகும். பல நாள் அதுவும் முடியாது. கடல் தண்ணீர் உள்ளே வராமல் ஏரி சுண்டி, இறால் குஞ்சு ஏறவில்லை. வயசுப் பையன்கள் மீஞ்சூர்ப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போக ஆரம்பித்தார்கள். எத்தனையோ மனு கொடுத்து ஓய்ந்துபோயிருந்த ஊருக்குப் பண்ணைக்காரர் ஆள் அனுப்பினார். மணல் அள்ளும் மெஷினைக் கொண்டுவந்து நிறுத்துவது என் பொறுப்பு, உங்கள் ஊர்ப் பெண்ணைக் கொஞ்சம் அனுசரித்துப் போகச் சொல்லுங்கள் என்றார்.

ஊர்த் தலைவரோடு நாங்கள் சிலர் பொன்னேரியில் உன் வீட்டுக்கு வந்தோம். நீ எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுத்தாய்.

"அமுதா, ஒரு கையி. ஒரே ஒரு ஆளோட கையி. அதுக்காக ஊரு மொத்தமும் பட்டினி கெடக்கணுமா?" என்றார் தலைவர்.

"அவருக்குப் பொழப்பே அந்தக் கையிதான் மாமா."

"அவன் இன்னா நம்ம ஆளாம்மா?"

நீ அவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாய். "நீ இன்னாடா சொல்ற? கண்ணால பாத்தவன் நீதானே?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் டீ கிளாஸைப் பார்த்தேன். "ஊரு சொல்றதுதான்கா" என்றேன்.

நீ எல்லாருடைய கிளாஸையும் வாங்கி வைத்தாய். பிறகு, "முகத்துவாரத்துக்கு நான் உங்க கூட வந்து ரோட்டுல ஒக்காருறேன் மாமா. இதுக்கு மட்டும் ஆவாது" என்று சொல்லிக் கும்பிட்டாய்.

ஊர் கூடி உன்மேல் புகார் எழுதியது. அரசு வக்கீல் தன் தம்பியைப் பொய்ச் சாட்சியாக வைத்து, சொந்த விரோதத்தில் வழக்கை இழுத்தடிக்கிறார் என்று அதில் இருந்தது. என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். தம்பியே போட்டால்தான் எடுபடும் என்றார்கள். யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. அப்படி ஏதாவது நடந்திருந்தால் இப்போது சொல்லிக்கொள்ளவாவது இருந்திருக்கும். கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த போட் கண்முன்னால் இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

உன்னை நீக்கிய உத்தரவு வந்தபோது நீ கோர்ட்டில் வேறொரு வழக்கின் சாட்சியை விசாரித்துக்கொண்டிருந்தாயாம். உன் குமாஸ்தா சொன்னார். சாட்சிக் கூண்டில் நின்றது தூரத்திலிருந்து பஸ் மாறி வந்த ஒரு வயசான அம்மா. அந்த அம்மாவை மறுபடி அலைய வைக்க வேண்டாம், முடித்துவிட்டுப் போக அனுமதி வேண்டும் என்று நீதிபதியிடம் கேட்டாயாம். அவரும் சரி என்றாராம். முடித்துக் கும்பிட்டுவிட்டு, அரசு வக்கீல் நாற்காலியை விட்டு எழுந்து பின் பெஞ்சில் போய் உட்கார்ந்தாயாம். குமாஸ்தா இதைச் சொல்லும்போது அழுதார். நான் அவர் முன்னால் அழக்கூட வெட்கப்பட்டுக்கொண்டு நின்றேன்.

பேப்பரில், பொதுமக்கள் புகாரின் பேரில் நீக்கம் என்று போட்டிருந்தார்கள். பொதுமக்கள் என்றால் நாங்கள்தான் அக்கா.

அன்று சாயங்காலம் நீயே போன் பண்ணினாய்.

"டேய், அது உன் கையெழுத்துதானே?"

"ஆமாக்கா."

"உன் கைய யாராவது புடிச்சிப் போட வெச்சாங்களா?"

"இல்லக்கா."

"சரி. சாப்டியா?"

திட்டியிருக்கலாம் நீ. ஏன் திட்டவில்லை? அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தாய், சாப்பிட்டாய், என் மகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தாய். ஒருநாளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. நீ மறந்துவிட்டாய் என்று நினைத்துக்கொள்வது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

உன் இடத்துக்கு வந்தவருக்கு யோசிக்க அதிக நேரம் தேவைப்படவில்லை. வாபஸ் மனு போட்டார், வழக்கு முடிந்தது. சொன்னபடி மெஷினும் வந்தது. முகத்துவாரம் திறந்தது. முதல் நாள் போட்டுகள் வரிசையாகக் கடலுக்குள் போனபோது கரையில் பெண்கள் குலவை போட்டார்கள். மீன்பாடு நன்றாகக் கிடைத்தது. நான் வீட்டுக்கு ஓடு மாற்றினேன். உள்ளதைச் சொல்கிறேன் அக்கா, எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஒருமுறை நீயாகவே, "என்னையும் கூட்டிட்டுப் போடா, பாக்கலாம்" என்றாய். முகத்துவாரத்தில் அலை தூக்கியடித்து உன் புடவை நனைந்தது. சின்னப் பிள்ளைபோலச் சிரித்தாய். "நல்லாத்தான்டா இருக்கு, நைனா பாத்திருக்கணும்" என்றாய். நிஜமான சிரிப்பு அது, எனக்குத் தெரியும். திரும்பி வரும்போது கரையோரம் தடவிக்கொண்டிருந்த ஆட்களைப் பார்த்துவிட்டு, "கன்னியப்பன் இப்ப இந்தப் பக்கம் தடவ வர்றதில்ல, இல்ல?" என்று கேட்டாய். நான் இஞ்சின் சத்தத்தில் கேட்காததுபோல இருந்துவிட்டேன்.

அவனுக்கு அந்தக் கை சரியாகவில்லை. விரல்கள் மடங்காது. முனியம்மா ஒருத்தி தடவிக் கொண்டுவருவதில்தான் வீடு ஓடியது. அவளுக்காக நீ மேல் நீதிமன்றத்தில் மனு போட்டாய். ஆளுங்கட்சியைப் பகைத்தவள் என்று உன்னிடம் வேறு வழக்கே வருவதில்லை. பொன்னேரியிலிருந்து ரயிலேறிச் சென்னைக்கும் வீட்டுக்குமாக அலைந்தாய். நெஞ்சு வலித்தால் வாயு என்றாய். கடைசியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது டாக்டர், முன்னாடியே வந்திருக்கலாமே என்றார். நீ அந்த நாற்காலியில் இருந்திருந்தால் உடம்பைப் பார்த்துக்கொண்டிருப்பாயா? தெரியவில்லை. இந்தக் கேள்வியை யாரிடமும் கேட்க முடியவில்லை, உன்னிடம்தான் கேட்கிறேன்.

உன்னை ஊருக்குக் கொண்டுவந்தபோது தலைவர் பெரிய மாலையோடு வந்தார். "நம்ம ஊரு பொண்ணு" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். முனியம்மா தெருக்கோடியிலேயே நின்று பார்த்துவிட்டுப் போனாள். கிட்டே வா என்று அவளை யாரும் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை அக்கா.

சம்மன் வந்ததும் கன்னியப்பன் வீட்டுக்குப் போனேன். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அதுதான் முதல் முறை. முனியம்மா பாய் போட்டாள். என்னால் உட்கார முடியவில்லை.

"நீ வருவியான்னு நாங்க கேக்கலண்ணே" என்றான் கன்னியப்பன். "அந்தம்மா இருந்த வரைக்கும் உன்னப் பத்தி ஒரு வார்த்த தப்பாச் சொன்னதில்ல. அதனால நாங்களும் சொல்லல."

"நீங்க சொல்லலாம்" என்றேன்.

முனியம்மாதான் கேட்டாள். "அந்தக் காயிதத்துல பொய்ச் சாட்சின்னு நீயே கையெழுத்துப் போட்டுக்கீறியேண்ணே. கோர்ட்டுல அத்த எடுத்துக் காட்டுனா நீ இன்னா சொல்லுவ?"

அதுதான் கேள்வி. உனக்கு எதிராக நான் போட்டது இப்போது அவனுக்கு எதிராக நிற்கிறது. பண்ணைக்காரரின் வக்கீல் முதல் வேலையாக அதைத்தான் நீட்டுவார்.

முகத்துவாரம் மறுபடி மேடு கட்டிக்கொண்டு வருகிறது. நேற்று ஊர்க் கூட்டத்தில் தலைவர், "நீ கோர்ட்டு ஏறுனா மெஷினு வராது. அப்புறம் உன் போட்டுல ஆளு ஏறாது, நாங்க சொல்ல வேணாம், அவனவனே ஏற மாட்டான்" என்றார். வீட்டுக்கு வந்து தனத்திடம் சொன்னேன். அவள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல், "அண்ணி கேட்டப்போ கிளாஸப் பாத்தியே, நீதான் சொன்ன எங்கிட்ட. திங்கக்கெழமையும் எதையாச்சும் பாத்துக்கினு நிக்காத" என்றாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. முகத்துவாரம் அடைந்தால் என் பிள்ளைகளுக்கும்தான் சோறு இல்லை. ஊர் சொல்வதில் நியாயமே இல்லை என்று என்னால் இன்றைக்கும் சொல்ல முடியவில்லை. ஆனால் அந்த நியாயத்தை இன்னொருத்தன் கையை வைத்து வாங்கினோம். உன்னையும் சேர்த்துக் கொடுத்து வாங்கினோம்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் முனியம்மாவையும் கன்னியப்பனையும் கூட்டிக்கொண்டு போகிறேன். கூண்டில் ஏறி அன்றைக்குப் பார்த்ததைச் சொல்வேன். அந்தப் புகாரைக் காட்டினால், கையெழுத்து என்னுடையது, அதில் எழுதியிருப்பது பொய், என் அக்காவுக்கு யார்மேலும் விரோதமில்லை என்று பண்ணைக்காரர் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். காட்டாவிட்டால் நானே சொல்வேன். நீ கேட்க இல்லாதபோது சொல்லி என்ன புண்ணியம் என்று தோன்றாமல் இல்லை. இருந்தாலும் சொல்வேன் அக்கா, இது சத்தியம்.

உனக்குப் பின் பிறந்தவன்,
உன் தம்பி தேசப்பன்