கம்பி இருந்த அறை

ஜனவரி 21, புதன்

காலையில் கண் தெரியாத பனி. மல்லாட்டைச் செடிக்குக் களை எடுக்க நாலு பேர் வருவதாகப் பேச்சு, வந்தது இரண்டு பேர். கூழ் மிச்சம்.

இன்றைக்கு: ரேஷன் கடை தெருவிளக்கு. ஒன்றிய அலுவலகத்து பிடிஓவுக்கு போன். பள்ளிக்கூடத்துப் பழைய கட்டடம்.

முதல் இரண்டும் நடக்கவில்லை. பழைய கட்டடத்தைப் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம். கூரையில் காரை பெயர்ந்து தரையெல்லாம் கிடக்கிறது. அதில் ஓர் அறைதான் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் மையம். சுற்று ஊர்களிலிருந்து எட்டுப் பிள்ளைகள், ஒரு டீச்சர். பிடித்து நடக்கப் பழக, இடுப்பு உயரத்தில் தரையில் ஊன்றிய இரண்டு இரும்புக் கம்பிகள். கழிப்பறைக்கு மூன்று படி ஏற வேண்டும். எந்தப் புத்திசாலி கட்டினானோ.

மாதா கோயில் தெரு ஸ்டெல்லா இருந்தாள், வீட்டில் தையல் போடுகிறவள். மகள் அமலிக்குப் பத்து வயது. பிறந்ததிலிருந்து கால் விறைப்பு, பேச்சும் வராது. என்னைப் பார்த்ததும் கம்பியைப் பிடித்துத் தானாக எழுந்து நின்றாள். நின்றதும் அவளுக்கே ஒரே சிரிப்பு.

“பத்து வருசமா தூக்கிக்கினே திரிஞ்சேங்க்கா. இப்பதான் ரெண்டு மாசமா நிக்கிறா. மேல இருந்து காரை உழுந்தா இன்னா பண்றது? கூரைய மட்டும் பாத்து குடுங்க. அந்தப் படியையும் எடுத்துட்டா போதும்.”

“இந்த மாசக் கூட்டத்துல வெச்சிடறேன் ஸ்டெல்லா.”

வரும் வழியில் டீக்கடைப் பெஞ்சில் என் வீட்டுக்காரர். எல்லோரும் “வணக்கம் கவுன்சிலரே” என்கிறார்கள், அவரிடம். எனக்கு ஓட்டு, அவருக்கு வணக்கம். நாலு வருடமாகப் பழகிப் போச்சு.

ஜனவரி 30, வெள்ளி

ஒன்றியக் கூட்டம். மஞ்சள் புடவை. போண்டா நன்றாக இருந்தது, சட்னி ஊசல்.

எழுத்தர் தீர்மானம் வாசிக்கிற அழகைக் கேட்க வேண்டும். முதல் நாலைந்து காதில் விழும். அதற்குள் டீ வந்துவிடும். சேர்மன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “அப்பறம் இன்னா, ஆல் பாஸா?” என்பார். மேசையைத் தட்டி “ஆல் பாஸ்” என்போம். வழக்கம்.

இன்று என் ஊர் பெயர் வந்தது. டீயை வைத்துவிட்டுக் கேட்டேன். பழைய கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாக இரண்டு வகுப்பறை. நான் கேட்டது கூரைக்குப் பூச்சு, கிடைத்தது முழுக் கட்டடம். மேலும் என்னமோ வாசித்தார். பக்கத்து சீட்டு அம்மா மகள் கல்யாணப் பத்திரிகையை நீட்டினார், வாங்கிக்கொண்டேன். மேசையை நான்தான் எல்லோரையும்விட பலமாகத் தட்டினேன்.

பஸ்ஸிலிருந்தே ஸ்டெல்லாவுக்கு போன். அழுதுவிட்டாள்.

“எங்க புள்ளைங்க ரூமும் அதுலயேதானேக்கா?”

“பின்ன எங்க?” என்றேன்.

பிப்ரவரி 4, புதன்

மைய டீச்சர் போன் பண்ணினார். “மேடம், பிளான்ல எங்க ரூம் இல்லியே.”

ஒன்றிய அலுவலகத்துக்கு ஓடினேன். பிடிஓ நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, பொறுமையாகத்தான் சொன்னார்.

“ஸ்கூல் ஸ்ட்ரெங்த்துக்குத்தாம்மா ரூம். மையத்துப் பசங்க பேரு அவங்கவங்க ஊரு ஸ்கூல்ல இருக்கு, இங்க கணக்குல வராது. மையத்த திண்டிவனத்துக்கு மாத்தறோம்னு தீர்மானத்துலயே வாசிச்சோமே.”

அந்தப் பத்திரிகை. மணமகன் பெயர்கூட இப்போது நினைவில் இல்லை.

“திருத்தக் கூடாதுங்களா?”

“அடுத்த கூட்டத்துல திருத்தலாம். அதுக்குள்ள எலெக்‌ஷன் தேதி சொல்லிட்டாங்கன்னா வேலையே ஆரம்பிக்க முடியாது. காசு திரும்பிப் போயிடும். உங்க இஷ்டம்மா.”

என் இஷ்டமாம். ஒன்றாம் வகுப்பு பூராவும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறது. நிறுத்தினால் அந்தப் பிள்ளைகளுக்கும் கட்டடம் இல்லை.

சேர்மனிடமும் போனேன். சிரித்துக்கொண்டே சொன்னார்: “ஆல் பாஸ் சொன்னவங்கள்ல நீங்களும் ஒருத்தர்தானேம்மா.”

சாப்பிடப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 9, திங்கள்

மையத்துக்கு இடம் தேடி அலைந்தது: அங்கன்வாடி, இடம் போதாது. நூலகம், படி. மாதா கோயில் ஹால், பங்கு சாமியார் உடனே சரி என்றார், ஆனால் அரசுக் கட்டடத்தில்தான் நடத்த வேண்டுமாம். சேவை மையம், பூட்டு.

வீட்டுக்காரர்: “எட்டு புள்ளைங்களுக்கு இன்னாத்துக்கு இம்மாம் பேஜாரு? ஊருக்கே பில்டிங் வருது.”

ஊர் என்றால் அந்த எட்டுப் பேர் இல்லாத ஊரா என்று கேட்டேன். டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

செருப்பு அறுந்தது.

பிப்ரவரி 18, புதன்

சாம்பல் புதன். ஸ்டெல்லா வீட்டுக்குப் போனேன். இத்தனை நாள் போகாமல் இருந்ததற்குக் காரணம் பயம்தான். தாய்க்கும் மகளுக்கும் நெற்றியில் சாம்பல் சிலுவை. அமலி பாயில் படுத்திருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“திண்டிவனத்துக்கு மூணு நாளு போனேங்க்கா. ரெண்டு பஸ்ஸு. ஜல்தி ஏறும்மா, ஜல்தி ஏறும்மான்றாரு கண்டக்டரு. இவளும் வளந்துட்டா, இடுப்பு தாங்கல. உட்டுட்டேன். மாசத்துக்கு ஒருவாட்டி டீச்சர் ஊட்டுக்கே வருவாங்களாம். காலு மறுபடி இறுகிக்கினு வருது.”

ஆணியில் பள்ளிப் பை.

“காலைல ஆனா அத்த எடுன்னு கை காட்டறா. மடில வெச்சிக்கினு வாசலயே பாத்துக்கினு இருக்கா.”

திட்டியிருக்கலாம். திட்டுவாள் என்றுதான் போனேன். “நீங்க இன்னாக்கா பண்ணுவீங்க” என்று டீ போட்டுக் கொடுத்தாள். குடித்தேன்.

பிப்ரவரி 21, சனி

ஜேசிபி வந்தது. மதியத்துக்குள் தரைமட்டம். இரண்டு கம்பிகளையும் கேட்டு வாங்கலாம் என்று போனேன். வளைந்து நெளிந்து மற்ற இரும்போடு லாரியில் கிடந்தன.

மல்லாட்டைக்கு இலைப்புள்ளி. மருந்து வாங்க வேண்டும்.

பிப்ரவரி 25, புதன்

பனி விட்டது. காலையிலேயே வெயில்.

பூமி பூஜை. சாமியானா, மைக், தேங்காய், பழம். சேர்மன், பிடிஓ எல்லோரும். செங்கல்லுக்கு மஞ்சள், குங்குமம். முதல் கல் சேர்மன் வைத்தார், அடுத்தது என் முறை.

ஓரத்தில் ஸ்டெல்லா. இடுப்பில் அமலி, யூனிஃபார்ம் போட்டு, தலை வாரி, பையோடு.

“ஜேசிபி சத்தம் கேட்டதுலேந்து அழுவறாக்கா. இங்க இட்டாந்து காட்னா அடங்குவான்னு பாத்தேன்.”

அமலி அந்த இடத்தைப் பார்த்தாள். மணல், குழி, முளைக்குச்சி. அறை இருந்த பக்கம் கையை நீட்டிக்கொண்டே இருந்தாள். கை ஓய்ந்து ஸ்டெல்லா அவளை என் எதிரில் இறக்கிவிட்டாள். அமலி சட்டென்று என் இரண்டு மணிக்கட்டையும் பிடித்து, உந்தி, முட்டி நடுங்க எழுந்து நின்றுவிட்டாள். நின்றதும் அதே சிரிப்பு.

“யம்மா, நல்ல நேரம் போவுது. வந்து கல்லு வையுங்க” என்று மைக்கில் சேர்மன்.

“ஒரு நிமிசங்க.”

கொத்தனார் செங்கல்லை நீட்டியபடி நின்றார். ஒரு கையை எடுத்தாலும் அவள் விழுந்துவிடுவாள். இன்னொரு முறை கூப்பிட்டார்கள். அப்புறம் என் வீட்டுக்காரரைப் பார்த்து, “கவுன்சிலரே, நீங்க வந்து வையுங்க.”

வைத்தார். கை தட்டினார்கள். போட்டோ எடுத்தார்கள். அமலி பிடியை விடவில்லை. எப்படி விடுவிப்பது என்று எனக்கும் தெரியவில்லை.