மகனுக்குப் போட்ட பட்டியல்

கட்டுகஸ்தோட்டை,
ஞாயிற்றுக்கிழமை.

என் தங்க மகன் அஹ்னாபுக்கு உம்மாவின் ஸலாம். அல்லாஹ்வின் கிருபையால் நானும் வாப்பாவும் தங்கச்சியும் சுகமாக இருக்கிறோம், நீயும் அங்கே சுகம்தானே என்று வழக்கம்போல எழுதத்தான் கை வரவில்லை. நிஸாம் மாமா செவ்வாய்க்கிழமை டோஹாவுக்குத் திரும்புகிறார், மாசிச் சம்பலும் முஸ்கட் இனிப்பும் கொடுத்துவிடுகிறேன், இந்தக் கடிதமும் அந்தப் பார்சலுக்குள்தான் இருக்கும். போனில் பேசலாம்தான், ஆனால் நான் போனை எடுத்தால் வாப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார். போன வெள்ளிக்கிழமை அவர் ஜும்ஆவுக்குப் போயிருந்தபடியால்தான் நீ மனம் விட்டு அழுதாய்.

"உம்மா, எனக்கு ஏலா, நாள் முழுக்க வெயிலுக்குள்ள ஒத்தக் கண்ண மூடிட்டு அந்தக் கருவிக்குள்ள பாத்துக்கிட்டு நிக்கிறேன், ஒரு மனுசனோட பேச்சில்ல" என்றாய். மூன்று வருடமாக இப்படித்தானாம், வாப்பாவிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வேறு வாங்கிக்கொண்டாய். பஸ்ஸில் ஏறி இறங்குவதற்குள் நாலு பேரைச் சிநேகிதம் பிடிக்கிற பிள்ளையை நில அளவைக்கு அனுப்பினோமே என்று நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை. லீவு நாளில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை விறாந்தையில் கூட்டி வைத்துக் கணக்குச் சொல்லிக் கொடுப்பாய், அதுகள் சிரிக்கிற சத்தம் ரோட்டுக்குக் கேட்கும். ஆசிரியராகப் போகிறேன் என்று நீ வாய் திறந்து சொன்னதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. நீ பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தபோது வாப்பா ஒவ்வொரு படிப்புக்கும் எடுபட்ட முந்தின வருட வெட்டுப்புள்ளிகளைப் பார்த்து, கூடினது மேலே, குறைந்தது கீழே என்று படிப்புகளை வாசித்தார், நான் கொப்பித்தாளில் எழுதினேன். உனக்குப் பிடித்தது கடைசி வரியில் வந்தது. எழுதின கை என்னுடையது மகன்.

இப்போது தங்கச்சி ஸுமைராவின் முறை. ஏ.எல். ரிசல்ட் நல்லபடியாக வந்தது உனக்குத் தெரியும், கம்பஸுக்கு விண்ணப்பிக்க வியாழக்கிழமை கடைசி நாள். வாப்பா அவளுடைய பட்டியலிலும் முதல் வரியில் சட்டப் படிப்பைப் போட்டிருக்கிறார். வீட்டுக்கு ஆள் வந்தால் குசினிக்குள் ஒளிகிற பிள்ளை நீதிமன்றத்தில் நின்று வழக்குப் பேசப் போகிறதாம். அவளுக்கு நூலகப் படிப்பில்தான் ஆசை, அதையும் என்னிடம் மட்டும் ஷாலின் நுனியைத் திருகிக்கொண்டே சொன்னாள். நான் வாப்பாவிடம் மெதுவாக எடுத்துச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை, கோபித்திருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். சிரித்துக்கொண்டே அலுமாரியைத் திறந்து உன்னுடைய அந்தக் கொப்பித்தாளை எடுத்தார், லெமினேட் பண்ணி வைத்திருக்கிறார், எனக்கே தெரியாது. "இந்தப் பட்டியல்தானே என்ட மகன இந்த நெலமைக்குக் கொண்டு வந்தது" என்றார் பெருமையாக. தன் கடைக்கு ஆணி வாங்க வருகிறவருக்கும் உன் படத்தைக் காட்டாமல் விடுவதில்லை, அந்த மனுசனிடம் நான் எந்த வாயால் சொல்ல. சொன்னால் உனக்குச் செய்த சத்தியம் போகும், சொல்லாவிட்டால் இவளும் உன்னைப்போல அழுவாள். பிறகு இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கையேந்தி, "யா அல்லாஹ், மகனுக்குக் குடுத்த மாதிரியே மகளுக்கும் குடு" என்று துஆ கேட்டார். ஸுமைரா என் முகத்தைப் பார்த்தாள். நான் ஆமீன் சொன்னேன்.

இதைப் படித்ததும், வியாழனுக்கு முதல், வாப்பாவுக்கு நீயே போனில் ஒரு கோல் எடு மகன். உன் சொல்லைத்தான் அவர் கேட்பார். ஏலாவிட்டால் விடு, உன்னையும் நான் நெருக்க மாட்டேன். வேலையை விட்டுவிட்டு வா என்று சொல்லவும் எனக்குத் தைரியமில்லை, பொறுத்துக்கொண்டு இரு என்று சொல்லவும் மனமில்லை. தண்ணீர் நிறையக் குடி, வெயிலில் தலைக்குத் துணி போட்டுக்கொள், சம்பல் போத்தலுக்குள் ஈரக் கரண்டி போடாதே.

அல்லாஹ் உன்னைப் பாதுகாப்பானாக, உன் மனதுக்குப் பிடித்ததை உனக்கும் தங்கச்சிக்கும் தருவானாக. இந்த துஆவை இங்கே சத்தமாகக் கேட்க எனக்கு ஏலா, நீ அங்கிருந்து ஆமீன் சொல்லு.

உன் உம்மா,
றமீஸா