தவிட்டுக்கு வாங்கிய நாவல் கன்றுகள்

மார்கழி 19

தவுடு, இன்றும் உறைபனி. பீலிக்கரைப் புல் முழுக்க உப்புத் தூவினது போல வெள்ளை.

காலையில் தோட்டத்தில் பேர் கொடுக்கப் போனேன். வேலை இல்லை. தேயிலைக் கொழுந்து விலை இன்னும் இறங்கிவிட்டதாம். வாரத்தில் பாதி நாள் இப்படித்தான். கூடையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தேன்.

செய்ய வேண்டியது: விறகு. அரிசி புடைக்க. உன் பள்ளிக்கூடப் பையைத் துவைத்து யாருக்காவது கொடுக்க. (இன்றும் கொடுக்கவில்லை.)

தண்ணீருக்கு ரோட்டடிக் குழாய் வரை நடை. இறங்கும்போது தெரியாது, குடத்தோடு ஏறும்போது நெஞ்சு அடைக்கும். லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னாலேயே நம் பீலி. ஊற்றுத் தண்ணீர் மூங்கில் வழியாகச் சும்மா கொட்டிக்கொண்டே இருக்கிறது. யாரும் தொடுவதில்லை. கல்லில் சுகாதார ஆபீஸ்காரர் போட்ட சிவப்புப் பெருக்கல் குறி.

உனக்கு வந்த பேதி லயத்தில் பாதிப் பிள்ளைகளுக்கு வந்தது. அவர்கள் எல்லாரும் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார்கள். நீ மட்டும் ஊட்டி ஆஸ்பத்திரியில், "பீலித் தண்ணி குடும்மா" என்று கேட்டபடி... வேண்டாம்.

ஊற்றுக்கு மேலே மாரியாயி அக்காவின் மாட்டுக்கொட்டகை. பக்கத்தில் லயமே கொட்டும் குப்பை. மழை பெய்தால் அத்தனையும் ஊற்றுக்குத்தான் இறங்கும். தோட்டத்துத் துரையிடம் போய் ஊற்றைச் சரிசெய்யக் கேட்டோம். "விலை ஏறட்டும், பார்க்கலாம்" என்றார்.

மாரியாயியோடு நீ போன ஆடியிலிருந்து பேச்சில்லை. நடுவில் ஒரே சுவர். அவள் இருமுவது இங்கே கேட்கிறது.

மார்கழி 21

பனி குறைவு. வெயில் நல்ல வெயில்.

உன் வகுப்புப் பிள்ளைகள் செய்த கூத்தைக் கேள். ஊற்றுக்கு மேலே கிடந்த குப்பையைச் சாக்கில் பொறுக்கி, வீடு வீடாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டு வருகிறார்கள். தலைவி உன் பெஞ்சுக்காரி கலா. கழுத்தில் விசில்.

"மாமா, ஒங்க பீடிக்கட்டுத் தாளு. மேல மறந்து விட்டுட்டு வந்துட்டீங்க."

சுப்பையா அண்ணன் முறைத்தார். "ஏன், எம் பேரு எழுதியிருக்கா?"

பின்னாலிருந்து யோகு: "இந்த லயத்துல இந்தப் பீடி குடிக்கிறது நீங்க ஒருத்தருதானுங்க மாமா."

அவர் வீட்டுக்காரியே சிரித்துவிட்டாள். அவர் வாங்கி அடுப்பில் போட்டார்.

நம் வீட்டுக்கும் வந்தார்கள். "அத்தே, இது ஒங்களுது." உப்புப் பாக்கெட் உறை. நீட்டின கையில் வாங்கிக்கொண்டேன். வெட்கமாகப் போய்விட்டது. அவர்கள் அடுத்த வாசலுக்குப் போனதும் சிரிப்பு வந்தது. ஆடிக்குப் பிறகு முதல் சிரிப்பு. உடனே உன் நினைவு வந்து பாதியில் நின்றுவிட்டது.

மார்கழி 25

காலை வேலை இருந்தது. கை விறைத்துப் போய்க் கொழுந்து பிடிபடவில்லை.

மேலே குப்பை கொட்டுவது நின்றுவிட்டது! திருப்பி வாசலுக்கே வந்துவிடும் என்றால் யார் கொட்டுவார்கள்? பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் பிள்ளைகளே டீச்சரோடு குழி வெட்டியிருக்கிறார்கள்.

ஆனால் கன்று பிழைக்கவில்லை. ஊற்றைச் சுற்றி மரம் இருந்தால் மண் இறங்காது, தண்ணீர் வற்றாது என்று டீச்சர் சொல்லி ஐப்பசி மழையில் நாவல் நட்டார்களே, அதில் பாதியைப் பனி கருக்கியது. மீதியை மாரியாயியின் மாடு மேய்ந்துவிட்டது. நர்சரியில் இன்னொரு முறை கன்று கொடுத்திருக்கிறார்கள். இதுவும் போனால் இனி இல்லையாம்.

சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் கலா குரல்.

"பெரியம்மா, கொட்டகைய லயத்துக் கோடிக்கு மாத்திக்கோங்க. நாங்களே தூக்கித் தர்றோம்."

"ஏன்டி, எம் மாடு ஒண்ணுதான் ஒங்க கண்ணுல படுதா? வேலையில்லாத நாள்ல அது கறக்குற பாலுதான் எங்களுக்குக் கஞ்சி. போங்க, போயி வாய்ப்பாடு படிங்க."

"படிச்சிட்டோமுங்க பெரியம்மா." இது யோகு.

"அப்ப தலைகீழாப் படிங்க!"

பிள்ளைகள் போன சத்தம். பிறகு வெகுநேரம் அவள் இருமல்.

எனக்குக் கோபம் வந்தது. எழுந்து போய் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். பேச்சில்லாதவளிடம் எப்படிச் சண்டை போடுவது?

மார்கழி 28

கலா தனியாக வந்தாள். விசில் இல்லை. முகம் சின்னதாக இருந்தது. டீ போட்டேன்.

"அத்தே, பள்ளிக்கூடத்துல அவளுக்கு கோகிலான்னு பேரு. நீங்க ஏன் தவுடுன்னே கூப்புடுவீங்க?"

சொன்னேன். உனக்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. நீ பிறந்ததும் உன்னை மாரியாயி கையில் கொடுத்துவிட்டு, ஒரு முறம் தவிட்டை அவளுக்குக் கொடுத்து விலைக்கு வாங்கிக்கொண்டேன். இது பெற்ற பிள்ளை இல்லை, தவிட்டுக்கு வந்தது என்று எமன் ஏமாந்து போவானாம். உனக்கு முதல் சோறு ஊட்டினதும் அவள்தான். முதல் பாவாடை எடுத்ததும் அவள்தான்.

கலா யோசித்தாள். "தவுட்டுக்கு வித்தவங்க, அப்புறம் அந்தப் புள்ளைக்குக் கெடுதல் பண்ணலாமா?"

"கூடவே கூடாது. அவங்களும் பாதித் தாய் மாதிரி."

டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினாள். என்னவோ யோசனை.

நான்தான் உட்கார்ந்தே இருந்தேன். ஆடியில் உன்னைக் கொண்டுவந்தபோது மாரியாயி தரையில் புரண்டு அழுதது ஞாபகம் வந்தது. இத்தனை நாள் வராத ஞாபகம்.

தை 2, மாட்டுப் பொங்கல்

மேகமே இல்லை.

இன்று நடந்ததை அப்படியே எழுதிவிட வேண்டும்.

மாரியாயி மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு நீலம் பூசி, பொங்கல் ஊட்டிக்கொண்டிருந்தாள். விசில் சத்தம். பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். ஒரு கையில் கன்றுப் பை, ஒரு கையில் தவிட்டுப் பொட்டலம். லயமே வாசலுக்கு வந்துவிட்டது.

கலா போய் முதல் கன்றை மாரியாயி மடியில் வைத்தாள்.

"பெரியம்மா, முன்ன நட்டது பூரா செத்துப்போச்சு. இதுங்களாவது பொழைக்கணும். நீங்க வாங்கிக்கிட்டு எங்களுக்குத் தவுட்டுக்கு வித்துருங்க."

மாரியாயி பொங்கல் ஊட்டுவதை நிறுத்தினாள். "ஒனக்கு யாருடி இதச் சொன்னது?"

"தவுடோட அம்மா."

அவள் என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். திரும்பிக்கொள்ளவில்லை.

அதற்குள் மாடு யோகுவின் பொட்டலத்தில் மூக்கை விட்டுவிட்டது. "பெரியம்மா, மாடு அச்சாரம் வாங்கிருச்சுங்க! இனி மாத்திப் பேசக் கூடாது!"

லயமே சிரித்தது. சுப்பையா அண்ணன் துண்டை வாயில் வைத்துக்கொண்டார். மாரியாயிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "கேடிப் பசங்களா" என்று சொல்லிக்கொண்டே முறத்தை எடுத்து வந்தாள்.

ஒவ்வொரு கன்றாக வாங்கி நெஞ்சோடு அணைத்துத் திருப்பிக் கொடுத்தாள். முறத்தில் தவிடு குவிந்தது. கடைசிக் கன்றுக்கு ஆள் இல்லை. அது உன் பங்கு என்றாள் கலா. மாரியாயி அதைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

"ஒரு தடவ வித்துட்டேன்டி. காப்பாத்தத் தெரியலியே."

எனக்குக் கால் தானாக நடந்தது. கலா கையிலிருந்து தவிட்டை வாங்கி முறத்தில் போட்டேன்.

"குடுங்கக்கா" என்றேன்.

கொடுத்தாள்.

தை 4

பனி கடுமை. பாக்டரி லீவு, ஆண்கள் எல்லாரும் வீட்டில்.

கொட்டகை லயத்துக் கோடிக்குப் போய்விட்டது! மாரியாயி நேற்றே சொல்லிவிட்டாள்: "வித்த புள்ளைங்க தலைமாட்டுல மாட்டக் கட்டுனா நாலு பேரு என்ன சொல்லுவாங்க?" தகரத்தைப் பிள்ளைகள் எறும்பு மாதிரிச் சுமந்தார்கள். வழியெல்லாம் பதினாறாம் வாய்ப்பாடு, தலைகீழாக. மாரியாயிக்குக் கேட்க வேண்டுமென்றே.

ஆண்கள் சும்மா நிற்க வெட்கப்பட்டுத் தூணைப் பிடுங்கினார்கள். பழைய சாணத்தை வழித்துக் கோடிக்குக் கொண்டுபோனார்கள். ஊற்றைத் தூர் வாரினோம். சேற்றில் நின்று கால் மரத்துவிட்டது.

கன்றெல்லாம் நட்டாயிற்று. இளம் தேயிலைக்குச் செய்வது போலப் பெரணி இலை வைத்து ஒவ்வொன்றுக்கும் மூடாக்கு. இந்த முறை பனி தொடாது. பெரணி சுமக்கப் பை போதவில்லை. உன் பள்ளிக்கூடப் பையை எடுத்துக் கொடுத்தேன். துவைத்துத்தான் கொடுத்தேன். சாயங்காலம் மண்ணும் இலையுமாகத் திரும்பி வந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

தை 23

காற்று. பல் கூசும் குளிர் இல்லை இப்போது.

வேலை இரண்டு நாள் கூடக் கிடைத்தது. விலை மட்டும் அப்படியே.

சுகாதார ஆபீஸ்காரர் பாட்டிலோடு வந்தார். தண்ணீர் பிடித்ததும் கலா: "எங்க முன்னாடியே மூடி ஒட்டுங்க சார்."

"ஏம்மா, நீதான் கலெக்டரா?"

"நாலாங்கிளாஸ் லீடர் சார்."

அவர் சிரித்துக்கொண்டே ஒட்டினார். முடிவு வர நாளாகுமாம். பிள்ளைகள் இப்போதிருந்தே ரோட்டில் ஜீப் சத்தம் கேட்டால் ஓடுகிறார்கள். நானும்தான் தலையைத் தூக்கிப் பார்க்கிறேன்.

உன் கன்று துளிர் விட்டிருக்கிறது. செம்பு நிறம். மாரியாயி தினம் காலையில் போய் மூடாக்கை எடுத்துவிடுகிறாள், சாயங்காலம் மூடுகிறாள். அவள் போகும்போது என் கதவைத் தட்டுகிறாள். நானும் போகிறேன்.

மாசி 6

காலையில் தூறல். பத்து மணிக்குச் சுகாதார ஆபீஸ்காரர் ஜீப்.

நல்ல தண்ணீர்! குடிக்கலாம்! காய்ச்சிக் குடியுங்கள் என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் பிள்ளைகள் போட்ட கூச்சலில் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

சிவப்புக் குறியை யார் அழிப்பது என்று அடிதடி. கடைசியில் ஆளுக்கு ஒரு இழுப்பு. சுண்ணாம்பு கல்லில் பாதி, அவர்கள் தலையில் பாதி. யோகு மூக்கு வெள்ளை. துரையும் வந்து பார்த்தார், "யார் செஞ்சது?" என்று கேட்டார். "நாங்கதானுங்க" என்று எல்லாரும் ஒரே குரலில். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

முதல் குடம் நான் பிடிக்க வேண்டுமென்று கலா என்னை இழுத்துக்கொண்டு போனாள். பீலிக்கடியில் குடத்தை வைத்தேன். நிரம்பும் சத்தம் தெரியுமே உனக்கு, முதலில் டமடம, அப்புறம் களுக் களுக். பெண்கள் குலவை போட்டார்கள். மாரியாயி குடத்தைத் தூக்கி என் இடுப்பில் வைத்தாள். "பாத்துப் போ புள்ள, வழுக்கும்."

வாசல் வரை பிள்ளைகள் விசில் ஊதிக்கொண்டே வந்தார்கள். கல்யாண ஊர்வலம் மாதிரி.

காய்ச்சி ஆற வைத்தேன். உன் டம்ளரில் ஊற்றிப் படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறேன். நீ கேட்ட தண்ணீர்.

அங்கே தாகம் எடுத்தால் உனக்கு மொண்டு கொடுப்பது யார், தவுடு?