மெஷின் தூக்காத கால்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நலம் என்று எழுதக் கை வரவில்லை, நீயாவது நலமாக இரு. போனில் சொல்லலாம் என்றால் இருப்பது ஒரே அறை. முணுமுணுத்தாலும் அப்பா காதில் விழும். அதனால்தான் இந்தக் கிறுக்கல்.

அப்பாவுக்கு முட்டி ஆபரேஷன் காயம் ஆறிவிட்டது. தொடைதான் வற்றி என் கை மாதிரி ஆகிவிட்டது. ஜன்னலைத் திறக்க விடுவதில்லை. தெருவில் வண்டிச் சத்தம் கேட்டால் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறார். நான் கடைக்குப் போனால் வரும்வரை கதவையே பார்த்துக்கொண்டு கிடக்கிறார். எங்கே என்று ஓடிப்போவேன் நான்?

பிசியோ பெண் ஒரு சின்ன மெஷின் கொடுத்திருக்கிறாள். தொடையில் பட்டை ஒட்டிக் குமிழைத் திருகினால் கரண்ட் போய்க் கால் தானாக நீளும். முதல் நாள் பார்த்து எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "மெஷின் தூக்குதும்மா, அவர் தூக்கலை" என்றாள். கரண்ட் அதே சதை நார்களையே திரும்பத் திரும்ப இழுக்குமாம், சீக்கிரம் சோர்ந்துவிடுமாம். நாமாகத் தூக்கினால் நார்கள் மாற்றி மாற்றி முறை வைத்து வேலை செய்யுமாம். மெஷின் இழுக்கும்போது அவரும் சேர்ந்து இழுத்தால்தான் தேறும் என்றாள். "நரம்பு நல்லாத்தானே இருக்கு, ஏன் சார் முயற்சி பண்ண மாட்டேங்கறீங்க" என்று கேட்டாள். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்று வண்டியை ஓட்டியது அவர், பின்னால் உட்கார்ந்து போய்த் திரும்பி வராதது உன் தம்பி என்று அவளுக்குத் தெரியாது.

ஒரு நாள் என் தொடையிலும் ஒட்டிப் பார்த்தேன். நான் நினைக்காமலே கால் எழுந்தது. இப்போதெல்லாம் காலையில் நான் எழுந்திருப்பதும் அப்படித்தான்.

நேற்று அவருக்குப் பட்டை ஒட்டிவிட்டுத் திருக மறந்துவிட்டேன். நீ எனக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜைப் போட்டேன். "அம்மா, சாப்பிட்டியா, நேரத்துக்குத் தூங்கு" என்றாய். வழக்கம்போல அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உன் குரல் கேட்டதும் அவர் தொடை இறுகியது. குதிகால் மெத்தையை விட்டு ஒரு விரல் உயரம் எழுந்தது. மெஷினைப் பார்த்தேன், விளக்கு எரியவில்லை. குரல் நின்றதும் கால் விழுந்துவிட்டது.

இன்னும் கொஞ்ச நாள் இப்படியே விட்டால் முட்டி மடங்காமலே போய்விடும் என்கிறாள் அந்தப் பெண். அவரை மன்னித்துவிடு என்று உன்னிடம் கேட்க மாட்டேன். எனக்கே அது இன்னும் வரவில்லை. அடுத்த மெசேஜில் "அப்பா சாப்பிட்டாரா" என்று மட்டும் சேர்த்துக் கேள். பதில் எதிர்பார்க்காதே. அவர் காலை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும். வண்டியில் போனால் மெதுவாகப் போ, கண்ணு.

உன் அம்மா