புளியறையில் இறங்கிவிட்டோம்

அன்பு மதினிக்கு,

தென்காசியிலிருந்து இராமலட்சுமி எழுதுகிறேன். நாங்கள் நலம். புனலூரில் நீங்கள், அண்ணன், மகள், மாப்பிள்ளை எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. அதனால்தான் கடிதம். கிழித்துவிடாமல் கடைசி வரை படியுங்கள்.

மகள் கல்யாணத்துக்குத் தாய்மாமன் வரவில்லை என்ற கோபம் நியாயம்தான். ஆனால் நாங்கள் கிளம்பினோம், மதினி. கேரள எல்லைக்கு முன்னால், புளியறை செக்போஸ்ட்டில் ஒரு போலீஸ்காரர் பைகளைச் சோதிக்க பஸ்ஸில் ஏறினார். உங்கள் தம்பிக்குப் பயத்தில் வேட்டி நனைந்துவிட்டது. "ஏட்டி, எறங்கிருவோம்" என்று பின்வாசல் வழியாக என்னை இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். ஏன் என்று அன்றைக்குச் சொல்லவில்லை.

மூன்று மாதத்துக்கு முன் சஃப்ரின் என்ற பெண் ஓர் ஆராய்ச்சிக்காக எங்கள் காலனிக்கு வந்தாள். போலீஸ் அடி எங்களைப் போன்றவர்களின் உடம்பையும் மனசையும் என்ன செய்கிறது என்று வீடு வீடாகக் கேட்டு எழுதினாள். பெயர் எழுத மாட்டோம், பிடிக்காத கேள்விக்குப் பதில் வேண்டாம் என்றாள். உங்கள் தம்பி எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். ஆனால் அவர், "அடிச்சிருக்காவ" என்றார். பிறகு நிறுத்தவே இல்லை.

குற்றாலத்தில் வழுக்கி விழுந்து காது போனதாக அவர் இரண்டு வருஷமாகச் சொன்னதெல்லாம் பொய். எவனோ திருடிய பைக்குக்காக, காலனிக்காரன் என்று இவரைப் பிடித்துப்போய் ஒரு பகல் முழுக்க அடித்திருக்கிறார்கள். திருடன் அகப்பட்டதும் போகச் சொல்லிவிட்டார்கள். இடது காது அன்றே போயிற்று. ஆஸ்பத்திரி வாசலில் போலீஸ் நிற்குமென்று வைத்தியத்துக்கும் போகவில்லை.

சஃப்ரின் எழுந்தபோது, "என் பேரையும் எழுதிக்கிடுங்கம்மா. பேரு இல்லேன்னா எவனுக்கோ நடந்ததுன்னுல்லா நெனப்பாவ" என்றார். "எழுதக் கூடாது அண்ணாச்சி. ஆனா இசக்கிமணிங்கிற பேர நான் மறக்க மாட்டேன்" என்றாள்.

அவளே காது டாக்டரிடம் கூட்டிப் போனாள். செவிப்பறையில் ஓட்டை என்று ஆபரேஷன் செய்தார்கள். இப்போது முக்கால்வாசி கேட்கிறது. முன்பு ராத்திரியெல்லாம் கதவையே பார்த்திருப்பார். இப்போது அவர் விடும் குறட்டையில் எனக்குத்தான் தூக்கமில்லை. எனக்கு அது போதும்.

"எனக்குச் சொல்ல வாய் வராது. அக்காட்ட நீயே எழுதிரு" என்று அவர்தான் சொன்னார். அந்தச் செக்போஸ்ட்டைத் தாண்ட அவருக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும். அதுவரை நீங்கள்தான் வர வேண்டும். திட்டுவதானாலும் நேரில் வந்து திட்டுங்கள், மதினி. "அக்கா பேசினாளா?" என்று தினமும் கேட்கிறார். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உங்கள் தம்பி வீட்டிலிருந்து,
இராமலட்சுமி